பின்பக்கம் காட்டாத லேப்டாப்

கோபம் வந்தால் நான் பொருள்களோடு பேசுவேன். மிக்ஸியோடு பேசுவேன், கேஸ் அடுப்போடு பேசுவேன், தண்ணீர் வராத குழாயோடு பேசுவேன். ஆனால் அந்த லேப்டாப்போடு பேசிய பேச்சை வெளியில் சொல்ல முடியாது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிற குடும்பம். "பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, மெதுவாத் திட்டு" என்று கணவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் திட்டுவது என் மாமியாரை என்று பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். என் மாமியாரோ காவேரிப்பட்டணத்தில் நிம்மதியாக இருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் ஓசூரில் அச்சுகளும் கருவிகளும் செய்கிற ஒரு டூல் ரூமில் டிசைன் வேலை பார்த்தேன். மகள் வயிற்றில் இருந்தபோது விட்டது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி கேட்டுப் போனால், போன இடத்திலெல்லாம் ஒரே பாட்டு: "கேப் விழுந்துடுச்சே மேடம்." ஏதோ நான் கிணற்றில் விழுந்துவிட்ட மாதிரி பார்ப்பார்கள். பிள்ளை பெற்று வளர்த்தேன் என்று சொன்னால் அதற்கும் "ஓகோ" என்றுதான் பதில் வரும். கடைசியில் சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஷீட் மெட்டல் கம்பெனி முதலாளி மட்டும், "ஒரு டிசைன் பண்ணிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

அவர் கொடுத்த வேலை இதுதான். பைக்கில் வரும் ஒரு சின்னத் தாங்கியை மூன்று துண்டுகளாக வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்கள். வெல்டிங் வைக்கும்போது அந்தத் துண்டுகள் இம்மிகூட அசையாமல் பிடித்துக்கொள்ள, கிளாம்ப் என்கிற பிடிகள் வைத்த ஓர் அமைப்பு வேண்டும். அதை ஃபிக்ஸ்சர் என்போம். அதை நான் கம்ப்யூட்டரில் முழு உருவமாக வரைய வேண்டும். பெங்களூரிலிருந்து கஸ்டமர் இன்ஜினியர் வரும் வெள்ளிக்கிழமை, அவர் முன்னால் டி.வி.யில் போட்டு எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் டிசைன் வேலை எனக்கு. "லேப்டாப் உங்ககிட்ட இருக்குல்ல?" என்று முதலாளி கேட்டார். இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இருந்தது, என் தலையெழுத்து. வேலையில் இருந்த காலத்தில் பழசாக வாங்கிய பெரிய லேப்டாப் அது. டிசைன் வேலைக்கென்றே தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அந்தக் கார்டுதான் காலை வாரிவிட்டது. கோடு போடலாம், அளவு போடலாம், ஒன்றும் சொல்லாது. வரைந்ததை மவுஸால் லேசாகத் திருப்பினால் போதும், திரை முழுக்கப் பச்சைக் கோடுகள், கட்டம் போட்ட லுங்கி மாதிரி. அப்புறம் அப்படியே உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொல்ல வேண்டும். மறுபடி உயிர் வரும்போது கடைசியாகச் செய்த வேலை காணாமல் போயிருக்கும். "ஜெபம் பண்ணிட்டு ஆன் பண்ணும்மா" என்பார் கணவர், வேண்டுமென்றே. நான் பார்க்கும் பார்வையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர். பின்மூடியைக் கழற்றி, ஊதி, தூசியைத் தட்டி, மறுபடி மூடினார்.

"கார்டு சிப்பு போயிடுச்சு மேடம். போர்டோட ஒட்டினது. தனியாக் கழட்ட ஆகல்லா."

"அப்ப வேற போர்டு போடுங்க."

"இந்த மாடலுக்கு போர்டு எங்க கிடைக்கும்? நீங்க கார்டை ஆஃப் பண்ணி வெச்சுக்கங்க. அது இல்லாமயே ஓடும். கொஞ்சம் ஸ்லோ. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். அட்ஜஸ்ட்! இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் சொல்வது அது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டும், மிக்ஸி போடாதே என்று கணவர் சொல்வதும் அது. வேலையை விட்டபோது எங்கள் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து சொன்னதும் அதேதான். எந்தப் பாஷையில் சொன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணுவது மட்டும் நானாகவே இருக்கிறேன்.

இருந்தாலும் செய்தேன், வேறு என்ன வழி? கார்டை அணைத்துவைத்தால் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன ஏற்பாட்டை வைத்து லேப்டாப் படம் காட்டும். ஆனால் அதற்கு என் டிசைன் சாஃப்ட்வேரைத் தாங்கும் தெம்பு கிடையாது. நிறம், நிழல் எதுவும் வராது, வெறும் கோடுகள். திருப்பச் சொன்னால் திரை வெள்ளையாகி யோசிக்கும். மெதுவாக எழுந்துபோய்ப் பருப்புக்குத் தாளித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் நான் கேட்காத பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் திருப்புவதையே விட்டுவிட்டேன். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு, இந்த மூன்றை மட்டும் வைத்து வரைந்தேன். பின்பக்கத்தைப் பார்க்க முயன்றால் முன்கோடு எது, பின்கோடு எது என்று தெரியாமல் நூல்கண்டு சிக்கிய மாதிரி ஒரே கோட்டுக் குவியல். ஆகவே பின்பக்கத்தை மனசுக்குள்ளேயே வரைந்துகொண்டேன். மகளுக்குத் தலை பின்னும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு கிளாம்ப்பைத் திருப்பிக்கொண்டிருப்பேன். "அம்மா, வலிக்குது" என்று அவள் கத்துவாள்.

இப்படி முட்டி மோதி ஃபிக்ஸ்சரை முடித்தேன். முடித்த மகிழ்ச்சியில் வீட்டு டி.வி.யில் போட்டு ஒத்திகை பார்க்கலாம் என்று வயரைச் சொருகினால், டி.வி. கறுப்பாகவே இருக்கிறது. வயரை மாற்றினேன். டி.வி.யைத் தட்டினேன். பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்த மாடலில் டி.வி.க்குப் போகும் ஓட்டை அந்தக் கார்டோடுதான் இணைந்திருக்கிறதாம். கார்டை அணைத்தால் டி.வி. கிடையாது. கார்டைப் போட்டால் பச்சைக் கோடு. எப்படிச் சுற்றினாலும் அதே முட்டுச்சந்து. அன்று நான் திட்டியதற்குப் பக்கத்து வீட்டு அக்காவே கதவைத் தட்டி, "உங்க மாமியார் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்கு வேலை வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

என் கணவருக்கு நான் அழுவதைத் தாங்க முடியாது. அது நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். இரும்புச் சாமான்களைத் தள்ளுவண்டி மாதிரி ஒரு டிராலியில் தொங்கவிட்டு, துப்பாக்கி போன்ற ஒன்றால் கலர் பவுடரை அடித்து, அறை அளவு பெரிய ஓவனுக்குள் தள்ளுவார்கள். சூட்டில் பவுடர் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அவர் செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"இதப் பாரு. சிப்புக்கு அடியில ஈயம் விட்டுப் போயிருக்கும். போர்டைக் கழட்டி ஓவன்ல வெச்சு சூடு காட்டினா திரும்ப ஒட்டிக்குமாம். எத்தன பேரு பண்ணிக்கினு இருக்காங்க பாரு!"

"நம்ம வீட்ல ஓவன் எங்கங்க இருக்குது? இட்லிக் குண்டானா?"

"எங்க கம்பெனில இருக்கிறது என்னா? நீயும் நானும் உள்ள போய்ப் படுக்கலாம், அவ்ளோ பெரிசு."

"நாளைன்னிக்கு மீட்டிங். ஏதாவது ஆச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்னா பெருசா ஓடிக்கினு இருக்குது?"

அதுவும் சரிதான். ஆனால் நான் யாரையும் நம்புகிறவள் இல்லை. ஃபைலை முதலில் பென் டிரைவில் ஏற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். அதற்கப்புறம்தான் போர்டைக் கழற்ற விட்டேன். சிப்பை மட்டும் விட்டு மீதிப் போர்டை அலுமினியத் தாளால் சுற்றி, துணிப்பையில் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி தூக்கிக்கொண்டு பைக்கில் போனார். தன் கம்பெனி முதலாளியிடம்கூட அனுமதி வாங்கிவிட்டாராம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓவன் சும்மா இருக்கும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்ற விதமே சரியில்லை.

"என்னாச்சுங்க?"

"ஒன்னும் இல்ல. நீ மொதல்ல உக்காரு."

"என்னாச்சு?"

பையிலிருந்து எடுத்தார். போர்டு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சிப்பு, அலுமினியத் தாள், அவர் தொங்கவிட்ட கம்பி என எல்லாம் ஒரே ஆரஞ்சு. வழவழவென்று லைட் வெளிச்சத்தில் மின்னியது. எனக்கு ஒரு நிமிஷம் அது என்ன பொருள் என்றே விளங்கவில்லை.

நடந்தது இது. போர்டை டிராலியில் தொங்கவிட்டிருக்கிறார். சூடு செட் பண்ணிக்கொண்டிருந்தவரை லோடு லாரி வந்திருக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் போக, கலர் அடிக்கிறவர் சாப்பிட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். அவர்கள் யூனிட்டில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. கலர் அடிக்காத பீஸ் ஒன்றுகூட ஓவனுக்குள் போகக்கூடாது, போனால் அடிக்கிறவருக்குத்தான் திட்டு. டிராலியில் வெறுமனே ஒரு பீஸ் தொங்குவதைப் பார்த்த மனிதர், தான்தான் விட்டுவிட்டோம் என்று பயந்து, அன்று ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் சாமான் கலரை நன்றாக முன்னும் பின்னும் அடித்து உள்ளே தள்ளிவிட்டார். அந்தச் சட்டத்தைப் போட்டது யார்? என் கணவர்தான்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பழக்கதோஷம், போர்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "ஃபினிஷ் மட்டும் நல்லா ஏறியிருக்குது" என்றார்.

அப்புறம் நான் பேசியதை எழுத முடியாது. கல்யாணத்தில் ஆரம்பித்தேன். அவர் குடும்பம், என் குடும்பம், ரிப்பேர் கடைக்காரர், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் வரை எல்லாரையும் ஒரு சுற்று வந்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் மூச்சுக் காட்டவில்லை. கணவர் சாதம் வடித்து, மகளுக்குத் தட்டில் போட்டு, எனக்கும் போட்டு வைத்தார். நான் சாப்பிடவில்லை. பசித்தது, ஆனாலும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் கம்பெனிக்குப் போனபோது கையில் பென் டிரைவ் மட்டும்தான். முதலாளி என் தோளையும் கையையும் பார்த்தார்.

"லேப்டாப் எங்க மேடம்?"

"பெயின்ட் அடிச்சுட்டாங்க சார்."

"என்னது?"

சொன்னேன், உள்ளது உள்ளபடி. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு தாடையைத் தேய்த்தார். பெங்களூர் இன்ஜினியர் அடக்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என்ன கலர்?" என்று அவர் வேறு கேட்டார்.

டி.வி. இருந்த மீட்டிங் அறையில் கம்ப்யூட்டர் இல்லை. வெட்டும் மெஷினுக்கு புரோகிராம் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்றில்தான் என் ஃபைலைத் திறக்கும் சாஃப்ட்வேர் இருந்தது. எல்லாரும் ஷெட்டுக்குள் நடந்தோம். அங்கே மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றபடி பென் டிரைவைச் சொருகினேன். ஃபிக்ஸ்சர் திரையில் வந்தது, நிறத்தோடும் நிழலோடும். முதலாளி மவுஸைப் பிடித்து அதைத் திருப்பினார்.

அது சுற்றியது, தடங்கலே இல்லாமல், எண்ணெய் விட்ட மாதிரி. நான் வரைந்ததுதான், ஆனால் நான் பார்த்ததே இல்லை. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது என்பதை அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? மேலே காட்டினார், கீழே காட்டினார். இன்ஜினியர் "ம், ம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் வந்தது. மூன்றாவது கிளாம்ப்பைப் பார்த்தேன். அதன் கைப்பிடி திறக்கும் வழியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி. பாதி திறக்கும்போதே போய் இடிக்கும். வெல்டிங் முடிந்த சாமானை வெளியே எடுக்கவே முடியாது.

முதலாளி திருப்பிக்கொண்டே போய்விட்டார். இன்ஜினியரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

"சார், நிறுத்துங்க. அந்தக் கைப்பிடி இடிக்குது."

முதலாளி முகம் சுருங்கியது. இன்ஜினியர் குனிந்து, "எங்கே?" என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு மவுஸை வாங்கினேன். கிளாம்ப்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, அதன் தாங்கியை நகர்த்தி, கைப்பிடியைத் திறந்து மூடிக் காட்டினேன். எங்கும் இடிக்கவில்லை. அங்கே நாற்காலி இல்லை. குனிந்து நின்றபடியே செய்தேன். இன்ஜினியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இதையே செய்யுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏன் மேடம் சொன்னீங்க? அவரு பாக்கவே இல்லையே."

"நான் பாத்துட்டேனே சார்."

அவர் மவுஸை எடுத்து அந்தக் கைப்பிடியை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா சிஸ்டம் இல்ல. வேற ஒரு லேப்டாப் ஏற்பாடு பண்ணிக் கொண்டாந்துடுங்க. ஆரம்பத்துல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. "முடியாது சார்" என்றேன். "பின்பக்கத்தையே பாக்காம ஒரு டிசைன் முடிச்சிருக்கேன். அதுக்கு மேல அட்ஜஸ்ட் பண்ண என்கிட்ட ஒன்னும் இல்ல. சிஸ்டம் குடுங்க, வேலைய நான் பண்றேன்."

"பாக்கலாம்" என்றார் அவர். அந்தப் "பாக்கலாம்" எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வீடு தேடி வந்த வேலைய வேணாம்னுட்டு வந்திருக்கியே! யார்கிட்டயாவது ஒரு லேப்டாப் கேட்டு வாங்கியிருக்கலாம்ல." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கம்ப்யூட்டர் கொடு என்றுதான் சொன்னேன் என்று கத்தினேன். கத்திவிட்டு எனக்கே பயம் வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க ஒரு வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, என் வாயை ஏன் இப்படிப் படைத்தீர் என்றுதான் கேட்டேன். பக்கத்தில் கணவர் எனக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம், திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஷெட்டின் மூலையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர். புதுசு இல்லை, வேறு எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்தது, ஓரத்தில் இன்னும் தூசி. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது.

உட்கார்ந்தேன். பென் டிரைவைச் சொருகி என் ஃபிக்ஸ்சரைத் திறந்தேன். திருத்த ஒன்றும் இல்லை, எல்லாம் அன்றே முடிந்துவிட்டது. மவுஸைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பியது. இன்னொரு முறை திருப்பினேன். பின்பக்கம், அடிப்பக்கம், மறுபடி பின்பக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தேனோ, முதலாளி பின்னால் வந்து நின்றதே தெரியாது.

"என்ன மேடம், மறுபடி எங்கயாவது இடிக்குதா?"

"இல்ல சார்" என்றேன். "எங்கயும் இடிக்கல. சும்மா சுத்திப் பாக்குறேன்."